மதுரைப் பக்கம் பயிர்க்கழிவில் ஓடும் மின் நிலையம் வைக்க எந்த இடம் தோது?

வாடிப்பட்டிப் பக்கம் நிலம் இருக்கு, சுற்றிலும் நெல், 10 மெகாவாட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஒரு நிலையத்துக்கு எரிபொருள் வாங்கிப் போடும் வேலையில் இருந்தவன் என்பதால் அந்தக் கணக்கிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, ஈரத்தைப் பொறுத்து, ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ கழிவு எரியும். 10 மெகாவாட் சுமாராக ஓடினாலே நாளுக்கு 250 டன், வருடத்துக்கு 80,000 டன்னுக்கு மேல். உங்கள் வாடிப்பட்டிப் பக்கம் வழியாகப் போகும் பெரியாறு கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். ஏக்கருக்கு ஒன்றரை, இரண்டு டன் வைக்கோல் என்றால் ஒரு போகமே கிட்டத்தட்டப் போதும். காகிதத்தில்! அறுப்பு மெஷின் வயலை விட்டு ஏறுவதற்குள் வைக்கோல் கட்டும் மெஷின் வந்து நிற்கிறது, மாடு வைத்திருப்பவர்களும் கேரளாவுக்கு ஏற்றுபவர்களும் கொடுக்கும் விலைக்கு நீங்கள் வாங்கிக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் வைக்கோலில் சிலிக்கா, பொட்டாசியம், குளோரின் எல்லாம் அதிகம், சாம்பல் இளகி பாய்லர் குழாயில் கட்டி பிடிக்கும், அரிக்கவும் செய்யும். உமியோ ரைஸ் மில்லுக்கும் செங்கல் சூளைக்குமே சரியாகப் போய்விடும்.

கேட்பாரில்லாமல் கிடக்கும் சரக்கு எங்கே என்று பார்த்தால் நான் தெற்கே டி.கல்லுப்பட்டி, பேரையூர் கரிசல் பக்கம்தான் போவேன். பருத்திமார் (பஞ்சு எடுத்தபின் நிற்கும் காய்ந்த செடி), மக்காச்சோளத் தட்டை, அப்புறம் கண்மாய்க்குக் கண்மாய் சீமைக்கருவேலம். கருவேலம் பயிர்க்கழிவு இல்லைதான், ஆனால் மார் வராத மாதங்களில் அதுதான் கைகொடுக்கும், வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்த்துவிடும்.

பருத்திமாரில் ஒரு தொல்லை, எடை நிற்காது. லாரி பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு வரும், ஊருக்குள் நுழைந்தால் மேலே ஒருத்தர் காய்ந்த கம்பால் கரண்ட் ஒயரைத் தூக்கிவிட்டுக்கொண்டே வருவார், எடைமேடையில் ஏற்றினால் நாலு டன் தேறினால் பெரிசு. அப்படியே கொண்டுவந்தால் நாளுக்கு 60 லாரிக்கு மேல் வேண்டும். காட்டிலேயே துண்டாக்கி ஏற்ற வேண்டும், அப்படியும் 50 கிலோமீட்டரைத் தாண்டினால் டீசலுக்கே சரி.

ஐப்பசி, கார்த்திகையில் கரிசலில் வண்டி இறங்காது. இரண்டு மாதச் சரக்கைக் குவிக்க மேடான இடம் வேண்டும், தீப்பிடித்தால் பரவாதபடி குவியலுக்குக் குவியல் இடைவெளி விட்டு. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறைக்கு நாளுக்கு ஆறேழு லட்சம் லிட்டர் வேண்டும், பேரையூரில் அதற்கு வழியில்லை. கொஞ்சம் மின்சாரம் குறைந்தாலும் காற்றால் குளிர்விப்பதே சரி. துணை மின் நிலையம் எவ்வளவு தூரம், அதில் நீங்கள் அனுப்பும் மின்சாரத்தை ஏற்க இடமிருக்கிறதா என்பதை மட்டும் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள்.