மார்க்கைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நாற்பது நோட்டுகளைத் திருத்தித் தர இரண்டு வாரம் ஆகிறது. பிள்ளைகள் மார்க்கை மட்டும் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நோட்டு மூட்டையை வீட்டுக்குச் சுமப்பதை முதலில் நிறுத்துங்கள். பாடம் தாண்டிப்போன பிறகு வரும் சிவப்பு மையால் யாருக்கும் பயனில்லை. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டு, துண்டுத்தாளில் பதில் வாங்குங்கள். அன்று மாலையே புரட்டிப் பாருங்கள். பலரும் செய்த தவறை மறுநாள் பெயர் சொல்லாமல் வகுப்பில் எடுத்துப் பேசுங்கள்.

துண்டுத்தாளில் மார்க் வேண்டாம். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட இஸ்ரேல் ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 'நன்று', 'கவனம் தேவை' என்பதெல்லாம் குறிப்பே அல்ல. 'தெர்மாமீட்டர் பாத்திரத்தின் அடியைத் தொட்டதா? தண்ணீருக்கு நடுவில் பிடித்து மறுபடி பார்' என்று எழுதுங்கள். மறுபடி பார்க்க வகுப்பிலேயே நேரமும் கொடுங்கள்.

மாலை வரை காத்திருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: செய்முறை அளவீடு. உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே. ஆகவே 94 என்று எழுதியவனைச் சுழிக்காதீர்கள். 100 என்று எழுதியவளிடம் போய், 'எங்கே, தெர்மாமீட்டரைக் காட்டும்மா' என்று கேளுங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பாள். அடுப்பை அணைத்த பிறகு கேட்டால் எதைக் காட்டுவாள்? தெர்மாமீட்டரே ஓரிரு டிகிரி பிசகுவதும் உண்டு. பக்கத்துக் குழுவின் தெர்மாமீட்டரையும் அதே தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் புராஜெக்ட் வியாபாரத்திடம் ஜாக்கிரதை! தலைப்பைச் சொன்னால் போதும், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங்கோடு தந்துவிடுகிறார்கள். அதில் பிள்ளையின் தவறு ஒன்றுகூட இருக்காது, நீங்கள் எதைத் திருத்துவீர்கள்? கோணல்மாணலாகக் கையால் எழுதிய ஒரு பக்கம் போதும் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், விடைத்தாளை ஸ்கேன் செய்தால் ஆப்பே எல்லாம் சொல்லும் என்று ஒருவர் வருவார். எந்தப் பிள்ளை எதை ஏன் தப்பாகப் புரிந்துகொண்டது என்று அது சொல்லுமா எனக் கேளுங்கள். கலர் கலராகக் கிராஃப் காட்டினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாடம் நடக்கும்போதே பிள்ளையின் வளர்ச்சியை அறியப் போடும் வளரறி மதிப்பீட்டின் 40 மார்க்கை என்ன செய்வது என்பீர்கள். பெயர்தான் வளரறி, சிக்னல் இல்லாத மலையில் எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் எண்ணை ஏற்றுவதற்குள் ஆசிரியரின் பொழுது போய்விடுகிறது. சரி, கேட்கிற மார்க்கைப் பதிவேட்டில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.