இந்து, முஸ்லிம் குடும்பச் சட்டங்களைக் குழப்பமில்லாமல் படிப்பது எப்படி?

சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், "இரண்டும் குழம்புகிறது, ஒன்றை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடலாமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். இந்துச் சட்டம் நம் வீட்டுச் சமாச்சாரம், பாதி தெரிந்ததுதான் என்ற நினைப்பு வேறு. இரண்டாவது வாரமே அந்த நினைப்பு போய்விட்டது.

அன்று மணமுடிக்கக் கூடாத உறவுகள் பற்றிய பாடம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் அந்தப் பட்டியலில் தாய்மாமனும் அக்கா மகளும் இருக்கிறார்கள். என் அப்பா கட்டியது அவருடைய அக்கா மகளைத்தான். "யார் வீட்டில் இப்படி?" என்று ஆசிரியர் கேட்டதும் என்னோடு ஏழெட்டுக் கைகள் எழுந்தன. "உங்க அப்பா அம்மா கல்யாணம் செல்லுதுன்னா, ஐந்தாம் பிரிவில் வழக்காறு இருந்தால் கட்டிக்கலாம்னு ஒரு வரி இருக்கிறதாலதான்" என்றார். பக்கத்தில் கீழக்கரை நண்பன் முகத்தைச் சுளித்தான். "எங்கள்ல மாமன் மஹ்ரம்டா, கட்டிக்கவே கூடாத உறவு. ஹராம்." சரி என்று கேட்டுக்கொண்டேன். மதியம் சாப்பிடும்போது, அவன் அண்ணன் சித்தப்பா மகளைக் கட்டியிருப்பதாகச் சொன்னான். இந்த முறை முகம் சுளித்தது நான். எங்கள் பக்கம் அது அண்ணன் தங்கை முறை. முறை என்றால் என்ன என்பதிலேயே இரண்டு வீடும் இப்படி எதிரெதிராக நிற்பதை எந்த கைடும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வழக்காறு சங்கதியைப் பிடித்துக்கொண்டு போனால் ராமநாதபுரம் வரும். ஜமீன் ராணி, கணவர் அனுமதி தராத நிலையில், அவர் இறந்தபின் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் தீர்ப்பு: கணவரின் நெருங்கிய இரத்த உறவினர்களான சபிண்டர்களின் சம்மதம் இருந்ததால் தத்து செல்லும். நூலில் எழுதியதைவிட, தெளிவாக நிரூபித்த வழக்கமே மேலோங்கும் என்று அதில் சொன்னதை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம்.

இனி வாரிசுரிமை. மதிப்பெண்ணும் கண்ணீரும் இங்கேதான். நான் செய்தது இது. ஒரு நோட்டில் ஒரே குடும்பத்தை வரைந்து, ஒரே ஆளை இரண்டு சட்டத்திலும் சாகடித்தேன். அவருக்கு அப்பா, அம்மா, மனைவி, ஒரு மகன், ஒரு மகள். சுயசம்பாத்தியம் 72 லட்சம். உயில் இல்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956: அம்மா, மனைவி, மகன், மகள் நால்வருக்கும் தலா 18 லட்சம். அப்பாவுக்குப் பூஜ்யம். அவர் இரண்டாம் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவர் பக்கம் காற்றுகூட வீசாது.

முஸ்லிம் சட்டம் (சன்னி சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபிப்படி): மனைவிக்கு எட்டில் ஒன்று, 9 லட்சம். அப்பா, அம்மா இருவருக்கும் ஆறில் ஒன்று, தலா 12. மீதி 39. அதில் மகனுக்கு 26, மகளுக்கு 13.

இந்தக் கணக்கை ஊரில் திண்ணையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவைப் பெற்ற தாத்தா கேட்டார்: "எனக்கு எவ்வளவுடா வந்துச்சு?" ஒன்றும் இல்லை என்றேன். "அந்தச் சட்டத்துல?" பன்னிரண்டு லட்சம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மகளுக்கு எதுல அதிகம்?" என்று கேட்டார். மகள் வழிப் பேத்தியை மருமகளாகக் கொண்டுவந்தவர், கேட்கத்தான் செய்வார்.

இதே ஆள் உயில் எழுதியிருந்தால்? இந்து என்றால் தன் 72 லட்சத்தையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முஸ்லிம் என்றால் மூன்றில் ஒரு பங்குதான்; அதையும் ஒரு வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். 'பெண்ணுக்குப் பாதிதான்' என்று ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி வாதாடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. மகளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லாமல் உயில் எழுத இந்துத் தகப்பனால் முடியும். எழுதியும் இருக்கிறார்கள்.

முஸ்லிம் சட்டத்தில் பங்குகளைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடும் கணக்கும் உண்டு. மனைவி, அப்பா, அம்மா, இரண்டு மகள்கள்: மொத்தம் 24 பங்கு என்று வைத்தால், கூட்டினால் 27 வரும். அப்போது எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். அவ்ல் என்று பெயர். நான்காம் கலீஃபா அலீ அவர்கள் பள்ளிவாசல் பிரசங்க மேடையான மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை சொன்னதாகச் சொல்வார்கள். எனக்குக் கால்குலேட்டரோடு அரை மணி நேரம் ஆனது.

'இந்துத் திருமணம் சடங்கு, முஸ்லிம் திருமணம் ஒப்பந்தம்' என்ற வரியை எல்லோரும் மனப்பாடம் செய்வோம். தமிழ்நாட்டில் அது பாதி உண்மை. அண்ணா ஆட்சியில், 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவுப்படி, சுற்றத்தார் நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலே போதும்; மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. அதைப் படித்த கீழக்கரைக்காரன், "இது எங்க ஈஜாப் கபூல் மாதிரில்ல இருக்கு" என்றான். நிக்காஹில் ஒருவர் கேட்க மற்றவர் ஏற்பதுதான் அது. அவன் ஷாஃபி என்ற இன்னொரு சட்டப் பிரிவு, விடுதியில் இன்னொரு நண்பன் ஹனஃபி ராவுத்தர். வயதுவந்த பெண்ணின் முதல் நிக்காஹுக்கு 'வலி' (பெண்ணின் காப்பாளர்) கட்டாயமா என்று இருவரும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டை போடுவார்கள். முஸ்லிம் சட்டம் ஒரே சட்டம் என்ற நினைப்பு எனக்கு அங்கே தீர்ந்தது.

ஜீவனாம்சத்தைத் தேதி வரிசையில் படித்தால் போதும்: 1985 ஷா பானு வழக்கு, 1986இல் மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான சட்டம், 2001 டேனியல் லத்தீஃபி வழக்கு, 2024 அப்துல் சமது வழக்கு. முத்தலாக்குக்கு 2017 சாயரா பானு வழக்கு, அதைக் குற்றமாக்கிய 2019 சட்டம். அப்புறம் ஒன்று: 1937 ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் சேராது என்று கைடுகளில் இருக்கும். சென்னை மாகாணம் 1949லேயே திருத்திவிட்டது. இது தெரியாமல் வாய்மொழித் தேர்வில் நான் அசடு வழிந்தேன்.

நோட்டில் குடும்பத்தைப் பென்சிலால் வரையுங்கள். 'மூத்த மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார், அவருக்கு ஒரு மகன் உண்டு' என்று கேள்வித்தாளின் கடைசி வரியில்தான் இருக்கும். அந்தப் பேரனுக்கு இந்துச் சட்டத்தில் அவன் அப்பாவின் பங்கு வரும். முஸ்லிம் சட்டத்தில் சித்தப்பா உயிரோடு இருந்தால் வராது. முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.