பதில்: தளியில் கிறிஸ்துமஸ் மரத்தின் கீழ்க்கிளைகள் காய்கின்றன, உச்சியை வெட்டலாமா?

உச்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நாம் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்லும் அரௌகாரியாவில் பக்கக்கிளை நிமிர்ந்து உச்சிக்குருத்தாக மாறாது. மரத்தின் வடிவம் அதோடு போய்விடும்.

கீழ்க்கிளைகள் இப்படிக் காய்வதற்கு வறட்சியும் வெக்கையும்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். காற்று சூடாகிக் காயும்போது, நீர் போகாமலிருக்க ஊசியிலைகள் துளைகளை மூடிக்கொள்கின்றன. அப்போது கரியமில வாயுவும் உள்ளே போகாது, வளர்ச்சி நின்றுவிடும். மரம் உயரமாக இருந்தால் உச்சிவரை நீரை இழுப்பதும் கடினம். கலிபோர்னியாவில் 2014 வறட்சியில் ராட்சத செக்வோயா மரங்களே உள்பக்கத்துப் பழைய இலைகளை உதிர்த்துதான் சமாளித்தன.

இதைச் செய்து பாருங்கள்:

1. கிளை அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கீழிருந்து மேலாகக் கவனியுங்கள். கீழே இரண்டடி, மேலே அரையடி என்று குறுகிக்கொண்டே போனால் வளர்ச்சி தளர்ந்திருக்கிறது.

2. காய்ந்த கிளையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

3. கிளை நுனிக்கு நேர்கீழே ஒரு முழம் தோண்டி, செம்மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அங்கேதான் தண்ணீர் விட வேண்டும், தண்டடியில் இல்லை. வாரம் ஒருமுறை, மெதுவாக, ஆழமாக. அப்புறம் ராகித்தாளை (ராகி வைக்கோல்) மண்மேல் மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல்.

ஆனால் மண் ஈரமாகவே இருந்தால் கதை வேறு, வேர் அழுகலாக இருக்கலாம். தண்ணீரை நிறுத்துங்கள். அடியில் ஓரிரு கிளை மட்டும் காய்ந்தால் அது நிழலாலும் வயதாலும் வருவது, பயப்பட வேண்டாம். தோண்டியதும் ஈரம் எப்படி என்று எழுதுங்கள்.