சாம் மானெக்ஷா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் நேராக 1971 வங்கதேசப் போருக்குப் போய்விடுகிறார்கள். அந்த வெற்றிக்கு முன்பே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்துவிட்டது என்பது என் எண்ணம். இந்த முறை வந்த கேள்விகள் அதைச் சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பாக அமைந்தன.

மதுரையிலிருந்து ஒரு மாணவி: ஐயா, அவருக்குச் சிறு வயதிலிருந்தே படையில் சேரும் ஆசை இருந்ததா?

இல்லை அம்மா. 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் அவர். லண்டன் போய் மருத்துவம் படிக்க விரும்பினார், அப்பா சம்மதிக்கவில்லை. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் படைத் தேர்வு. 1932இல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கியபோது சேர்ந்த முதல் நாற்பது பேரில் அவரும் ஒருவர்.

தூத்துக்குடி வாசகர்: சாகும் தறுவாயில் பதக்கம் குத்தினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1942 பிப்ரவரி 22, பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலம். ஜப்பானியர் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். பாலத்தைக் காக்கவேண்டுமானால் அருகிலிருந்த பகோடா குன்று கையில் இருக்க வேண்டும். கேப்டன் மானெக்ஷா தன் கம்பெனியோடு மேலே ஏறி அதைப் பிடித்தார். பிடித்த கையோடு இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன.

அங்கே வந்த மேலதிகாரி கோவன் அவரைப் பார்த்தார். பிழைக்கமாட்டார் என்றுதான் தோன்றியது. மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தை அந்நாளில் இறந்தவருக்குத் தருவதில்லை. கோவன் தன் சட்டையில் இருந்த அந்தப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றினார். வெள்ளை, ஊதா, வெள்ளை என்று மூன்று பட்டைகள் கொண்ட சிறு துணித் துண்டு அது. அதை மானெக்ஷாவின் மார்பில் குத்திவிட்டார். அரசாணை பிறகுதான் வந்தது.

ஆனால் அவர் உயிரைக் காப்பாற்றியவர் ஷேர் சிங் என்ற சீக்கியச் சிப்பாய். அவரே அதிகாரியைச் சுமந்துகொண்டு மருத்துவரிடம் சேர்த்தார். பிழைக்கிற ஆள் இல்லை என்று தயங்கிய ஆஸ்திரேலிய மருத்துவர், "என்ன ஆயிற்று?" என்று கேட்டாராம். "கோவேறு கழுதை உதைத்துவிட்டது" என்று மானெக்ஷாவிடமிருந்து பதில் வந்ததாம். அதைக் கேட்ட பிறகே கத்தியைக் கையில் எடுத்தார் என்பார்கள். பதக்கக் கதையைச் சொல்லும் பலர் ஷேர் சிங்கின் பெயரை விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மனவருத்தம் தருகிறது.

கோவை வாசகர்: பார்சிக்காரருக்கு 'சாம் பகதூர்' என்ற கூர்க்காப் பெயர் எப்படி வந்தது?

பிரிவினையின்போது அவருடைய எல்லைப்படை ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பிறகு அவர் 8ஆம் கூர்க்கா ரைபிள்ஸைச் சேர்ந்தவரானார். அந்த வீரர்கள் அன்போடு சூட்டிய பெயர் அது.

சேலம் வாசகர்: அவர்மேல் ஒருமுறை விசாரணை நடந்ததாகப் படித்தேன். என்ன குற்றம் செய்தார்?

எந்தக் குற்றமும் செய்யவில்லை. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் ஒருமுறை, படைத்தலைவர் திம்மய்யாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டாராம். "என் தலைவரைப் பற்றி நினைக்க எனக்கு அனுமதி இல்லை. நாளைக்கு என் கீழ் உள்ளவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பிற்காலத்தில் அவரே சொன்ன செய்தி இது. வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியின் தலைவராக இருந்தபோது தேசபக்தி அற்றவர் என்று பழி சுமத்தி விசாரித்தார்கள். குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. 1962இல் சீனாவிடம் அடிபட்டுத் தளர்ந்துபோயிருந்த 4ஆம் கோர் என்ற படைத்தொகுதியைத் தூக்கி நிறுத்த அதே அரசு அவரைத்தான் அசாமின் தேஜ்பூருக்கு அனுப்பியது. எழுத்துமூலம் ஆணை இல்லாமல் எவரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் ஆணை வரவே வராது என்பது அங்கே அவர் இட்ட கட்டளை.

சென்னை வாசகர்: 1971 ஏப்ரலில் போருக்குப் போகச் சொன்ன இந்திரா காந்தியிடம் "இப்போது முடியாது" என்றாராமே?

அப்போது படைத்தலைவராக இருந்த அவர், அமைச்சரவைக் கூட்டத்தில் அப்படிச் சொன்னதாக பல உரைகளில் விவரித்திருக்கிறார். வரலாற்றாசிரியர் சிலர் அந்தச் சித்திரத்தை முழுதாக ஏற்பதில்லை. ஆனால் அவர் சொன்ன காரணங்களை எடைபோட்டுப் பாருங்கள். மழை தொடங்கினால் கிழக்கு வங்காளத்து ஆறுகள் கடலாகிவிடும். இமயக் கணவாய்களைப் பனி மூடாதவரை சீனா வந்துவிடலாம். படைப்பிரிவுகளோ நாலாபக்கமும் சிதறிக்கிடந்தன. போர் டிசம்பர் 3 அன்றுதான் தொடங்கியது. 16ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. பாகிஸ்தான் தரப்பில் ஏறத்தாழ 93,000 பேர் சரணடைந்தார்கள். அவசரப்பட்டிருந்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சேற்றிலேயே போயிருப்பார்கள்!

அதே வாசகர்: சரணாகதிப் படத்தில் அவர் ஏன் இல்லை?

அந்தப் பெருமை களத்தில் நின்ற கிழக்குப் படைத்தளபதி அரோராவுக்கு உரியது என்று அவர் போகவில்லை.

குன்னூர் வாசகி: எங்கள் ஊரில் வாழ்ந்தவர் அவர். கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லுங்களேன்.

1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவியைப் பெற்ற முதல் அதிகாரி அவர். பிறகு மனைவி சில்லூவோடு குன்னூரிலேயே தங்கிவிட்டார். ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. ஆனாலும் அதற்குரிய சம்பள நிலுவை 2007இல்தான், அவருடைய 92ஆம் வயதில், கைக்கு வந்தது. 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ இறுதிச் சடங்குக்கு வரவில்லை. இன்றும் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஊட்டியில் பார்சி கல்லறைத் தோட்டத்தில் சில்லூவின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், ஒருமுறை போய்வாருங்கள்.