பங்குகளையும் வீட்டையும் குடும்ப டிரஸ்ட்டுக்கு மாற்றினால் பாதுகாப்பு கிடைக்குமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறேன். 70 சதவீதப் பங்குகள் என்னுடையவை. நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கு நான் தனிநபர் ஜாமீன் கொடுத்திருக்கிறேன். நிலுவை எதுவும் இல்லை. வீடு அடமானத்தில் இல்லை. பங்குகளையும் வீட்டையும் குடும்ப டிரஸ்ட்டுக்கு மாற்றினால், தொழில் நொடித்தாலும் வீடு தப்புமா?

பதில்: பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் கடன் பொதுவாகப் பங்குதாரரின் சொந்தச் சொத்தைத் தொடாது, உங்கள் வீட்டுக்கு ஆபத்து நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்தால்தான் வருகிறது. ஆகவே முதலில் ஜாமீன் பத்திரத்தையும் கடன் ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படியுங்கள். வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிச் சொத்தைக் கைமாற்றவோ பங்குடைமையை மாற்றவோ கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதை மீறினால், தவணை தவறாத நிலையிலும் முழுக் கடனையும் திருப்பிக் கேட்க வங்கிக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள்.

அடுத்தது, மாற்றும் காலம். கடன் கொடுத்தவரை ஏய்க்கும் நோக்கத்தோடு செய்த அசையாச் சொத்து மாற்றத்தை, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி அவர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய வைக்கலாம். நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு 2019 டிசம்பர் முதல் 2016ஆம் ஆண்டின் திவால் சட்டமும் பொருந்துகிறது. உச்ச நீதிமன்றம் 2021இல் இதை உறுதி செய்தது. திவால் மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கைமாறிய சொத்துகளை அச்சட்டத்தின் கீழ் மீட்க முடியும். எனவே மாற்றுவதானால், ஆர்டர்களும் கணக்கும் சீராக இருக்கும்போதே மாற்றுங்கள். வீடு போக எஞ்சிய சொத்தே ஜாமீன் தொகைக்குப் போதும் என்பதைக் காட்டும் நிகர மதிப்புச் சான்றிதழை அதே தேதியில் ஆடிட்டரிடம் வாங்கி வையுங்கள்.

‘என் ஆயுள்வரை சொத்தைத் திரும்பப் பெற எனக்கு முழு உரிமை உண்டு’ என்ற வரியைப் பலர் ஆசையாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரி பாதுகாப்பைக் குலைத்துவிடும். டிரஸ்ட்டின் வருமானமும் உங்கள் வருமானமாகவே கருதப்பட்டு வரி விதிக்கப்படும். திரும்பப் பெற இயலாத டிரஸ்ட்டாக அமைத்து, குடும்பத்துக்கு வெளியே ஒருவரையாவது டிரஸ்டியாக, அதாவது டிரஸ்ட் சொத்தை நிர்வகிப்பவராக, சேருங்கள். டிரஸ்ட்டால் பலன் பெறும் பயனாளிகளின் பங்கை நிர்ணயிக்காமல் டிரஸ்டிகளின் முடிவுக்கு விட்டால், பயனாளியின் கடனுக்காக அதைப் பறிமுதல் செய்வது கடினம். ஆனால் அவ்வகை டிரஸ்ட்டுக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வருமான வரி உண்டு.

பங்குகளைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. தொழில் நொடித்தால் பங்கின் மதிப்பும் போய்விடும் என்பதால், அதை டிரஸ்ட்டில் வைப்பது தொழில் நட்டத்துக்குத் தடுப்பாகாது. பிள்ளைகளிடையே பங்குகள் சிதறாமல் காக்கவும், தொழிலுக்கு வெளியே உங்கள் மீது வரும் சொந்தக் கடன்களிலிருந்து காக்கவுமே அது உதவும். டிரஸ்ட் தனி நபராகக் கருதப்படாததால், உறுப்பினர் பதிவேட்டில் டிரஸ்டியின் பெயரே ஏறும். வாக்குரிமையும் அவரிடமே போகும். உண்மையான பயன் யாருக்கு என்பதை எம்ஜிடி-4, எம்ஜிடி-5 படிவங்களில் 30 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

எனவே வங்கியின் ஒப்புதல் கிடைத்ததும் வீட்டை முதலில் மாற்றுங்கள், பங்குகளுக்கு அவசரமில்லை. வீட்டுக்கான டிரஸ்ட் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்தாருக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்கான சலுகைக் கட்டணம் டிரஸ்ட்டுக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடாமல், முத்திரைத் தீர்வை எவ்வளவு என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.