பெண் கடல் ஓரம் ஒரு டம்ளர் காபி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கேரவனில் தொண்டியில் தொடங்கி தனுஷ்கோடி வரை கடலோரமாகவே போய் வந்ததை இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி காலைக் காபியைப் பற்றித்தான். கேரவன் என்றதும் படப்பிடிப்புக்கு வரும் ஏசி பங்களாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய டெம்போ டிராவலரில் இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், கூரையில் 80 லிட்டர் தண்ணீர் டேங்க், அவ்வளவுதான்.

கேள்வி: கொடைக்கானலில் வண்டிக்குள் போட்ட காபி அருமையாக வந்தது. அதே தூள், அதே ஃபில்டர், அதே கை. ராமேஸ்வரத்தில் போட்டால் சப்பென்று ஆகி, கடைசி மடக்கில் கரிக்கவும் செய்தது. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதனால் அங்கேதான் காபி கெட வேண்டும் என்கிறான் மகன். யார் சொல்வது சரி? (வாசகர், கோவை)

மகன் படித்தது சரிதான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே 93 டிகிரி வாக்கிலேயே தண்ணீர் கொதித்துவிடும், ராமேஸ்வரத்தில் 100. ஆனால் தூளில் இருந்து சாரம் இறங்க 93 டிகிரி தாராளம், அதனால் மலையில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இங்கே நஷ்டம் வந்தது வேறு வழியில். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள், வண்டி டேங்க்கை எங்கே நிரப்பினீர்கள்? வழியில் சாப்பிட்ட ஹோட்டலில் குழாயைக் காட்டி "பிடிச்சுக்கங்க சார்" என்றிருப்பார்கள், நீங்களும் சந்தோஷமாகப் பிடித்திருப்பீர்கள்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் 'தண்ணியில்லாக் காடு' என்று பெயர், அரசு ஊழியரைப் பயமுறுத்த அந்தக் காலத்தில் இதைத்தான் சொல்வார்கள். உண்மையில் தண்ணீர் இல்லாமல் இல்லை, இருப்பதில் பாதி உப்பு. கடலோரத்தில் போர் போட்டால் பெரும்பாலும் உவர்நீர்தான் ஏறும். அதில் உப்பு மட்டுமா, காரமும் உண்டு, மிளகாய்க் காரம் அல்ல, சமையல் சோடா மாதிரி புளிப்பை முறிக்கும் காரம். காபிக்கு உயிர் கொடுக்கும் அந்த மெல்லிய புளிப்பை இந்தக் காரம் அமுக்கிவிடும், அதுதான் உங்கள் நாக்குக்குச் சப்பென்று பட்டது. மிச்சம் இருக்கிற உப்பு கடைசி மடக்கில் வந்து நிற்கிறது. நீங்கள் தூளைக் கூட்டினாலும் பாலைக் கூட்டினாலும் இது சரியாகாது.

தனுஷ்கோடி மணலில் ஒரு வேடிக்கை உண்டு. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். மழைத்தண்ணீர் கடல்நீரை விட லேசு, அதனால் மணலுக்கடியில் உப்புநீர் மேல் ஏடு போல மிதந்துகொண்டிருக்கும். பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கினால் போச்சு, உப்பு ஏறிவிடும். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகும் அங்கே குடிசை போட்டு இருப்பவர்கள் தாகம் தீர்வது இப்படிக் கிடைத்த தண்ணீரில்தான். தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் காபிக்கு என்று ஊற்றுப் பக்கம் குடத்தோடு போய் நிற்காதீர்கள், அது அவர்கள் வீட்டுப் பானைக்கு உள்ளது.

நான் செய்வது எளிது. டேங்க் தண்ணீர் கைகால் கழுவவும் பாத்திரம் அலசவும். காபிக்கும் குடிக்கவும் தனியாக ஒரு 20 லிட்டர் கேன். வீட்டிலிருந்தே கொண்டு வந்தால் ரொம்ப நல்லது, இல்லையென்றால் இங்கே வாங்கும் கேன் தண்ணீரோ, காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்குழாயோ போதும். கடைசியாக ஃபில்டரை அலசுவதற்கும் அந்தக் கேன் தண்ணீரிலேயே ஒரு அரை டம்ளர் செலவழியுங்கள். உவர்நீரில் கழுவிக் காயவைத்தால் நாலே நாளில் ஓட்டைகளில் வெள்ளையாகப் படிந்து, டிகாஷன் இறங்காமல் நீங்கள் தூளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: ஆடி மாதம் பாம்பன் பக்கம் போயிருந்தோம். அடுப்பைப் பற்றவைத்தால் காற்று அணைக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு போடலாமா? (வாசகி, திருச்சி)

கூடவே கூடாதம்மா. மூடின வண்டிக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். கேஸ் கசிந்தாலும் அது காற்றை விடக் கனம், கால் பக்கம்தான் தேங்கும். அதனால் மேலே ஒரு ஜன்னல், கீழே ஒரு துவாரம், இரண்டும் திறந்திருக்க வேண்டும். சிலிண்டர் 5 கிலோ சின்னதாக இருந்தாலும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வரும்.

காற்றுக்கு வேறு வழி இருக்கிறது, எங்கள் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாக் நீரிணைப் பக்கம் உள்ளது பெண் கடல், மன்னார் வளைகுடா ஆண் கடல். தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் ஆண் கடல் கத்திக்கொண்டிருக்கும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடை கிளம்பிவிட்டால் அப்படியே தலைகீழ். நிலம் குறுகி வரும் உச்சிப்புளி, மண்டபம் பகுதியில் ஒரு கடலில் இருந்து அடுத்த கடலுக்குப் போக வண்டிக்குச் சில நிமிஷம்தான். ஆடியில் போனால் அரியமான் பக்கம் சவுக்குத் தோப்பு மறைவில் நிறுத்துங்கள், பக்கவாட்டுக் கதவு காற்றுக்கு முதுகைக் காட்டி இருக்கட்டும். அடுப்பைச் சுற்றித் தகரம் வைப்பவர்கள் கவனிக்க: கேஸ் டப்பா உள்ளேயே பொருந்தும் அடுப்பாக இருந்தால் தகரத்தால் சுற்றி அடைக்கக் கூடாது, டப்பா சூடேறி வெடிக்கும்.

கேள்வி: கேஸே வேண்டாம், எலக்ட்ரிக் கெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். 100 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கிறது. தாங்குமா? (வாசகர், மதுரை)

பேட்டரி தாங்கும், இன்வெர்ட்டர்தான் தாங்காது. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-அவர் என்றால் 1,200 வாட்-அவர். அரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிக்க வைக்க 41 வாட்-அவர் தேவை, வீணாவதையும் சேர்த்து 50 என்று வையுங்கள். அதாவது முழு பேட்டரியில் இருபத்துநாலில் ஒரு பங்குதான். ஆனால் வீட்டுக் கெட்டில் 1,500 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இருந்து அதற்கு 125 ஆம்பியர் இழுக்க வேண்டும், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் இன்னும் மேலே. கம்பி கை வைக்க முடியாமல் சுடும், இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணையும். 400 வாட் குட்டிக் கெட்டில் வாங்குங்கள், ஏழெட்டு நிமிஷம் ஆகும், ஆகட்டும். கடலைப் பார்க்கத்தானே போனீர்கள்?

கேள்வி: இரவே டிகாஷன் போட்டு வைத்தால் பழசாகி விடாதா? (வாசகி, கும்பகோணம்)

கும்பகோணத்துக்காரரிடம் காபி பற்றிப் பேச எனக்குப் பயம்தான். புதுசு புதுசுதான், மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் நிற்கும் வண்டி ஒருபக்கம் சாய்ந்திருக்கும், ஃபில்டருக்குள் தண்ணீர் அந்தப் பக்கமாகவே ஓடி இறங்கிவிடும், மறுபக்கத்துத் தூள் நனைந்தும் நனையாமலும் கிடக்கும். விடியற்காலை இருட்டில் இதையெல்லாம் யார் சரிபார்ப்பது? இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேடை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்து, சாய்ந்த பக்கம் மடித்த துணி கொடுத்து ஃபில்டரை வைக்கிறேன். 40 கிராம் தூளுக்கு 200 மில்லி ஊற்றினால் தூளே 80 மில்லியைக் குடித்துவிடும், 120 கிடைக்கும், நாலு பேருக்குச் சரி. படுக்கும் முன் அதை மூடியுள்ள பாட்டிலில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் அதைச் சூடு செய்யவே வேண்டாம், பொங்கின பாலை அதன் மேல் ஊற்றினால் போதும்.

வண்டி ஓடும்போது மட்டும் ஃபில்டரை வெளியே வைக்காதீர்கள். உச்சிப்புளி தாண்டி ஒரு வேகத்தடையில் நான் பிரேக் அடிக்க, மேல்பாகம் ஒரு பக்கம், கீழ்ப்பாகம் ஒரு பக்கம், டிகாஷன் முழுக்க மெத்தையில். அந்த மெத்தையில் இன்றைக்கும் காபி வாசனை வருகிறது, என் மனைவிக்கு அது வாசனையாகத் தெரியவில்லை.

கேள்வி: சாயல்குடியில் நல்ல கருப்பட்டி வாங்கினோம். வண்டியில் காபி போட்டால் பால் திரிந்துவிட்டது. கருப்பட்டி போலியா? (வாசகர், சேலம்)

போலியாக இருந்தால் திரியாமல்கூட இருந்திருக்கலாம், ஏனென்றால் சீனிப்பாகு கலந்ததுதான் பாலோடு சாதுவாகப் போகும்! பதநீரைக் காய்ச்சி எடுப்பது கருப்பட்டி. அதில் இருக்கும் புளிப்பும் உப்புச்சத்தும் கொதிக்கிற பாலில் பட்டால் பால் உடையும். கருப்பட்டியைத் தனியாக அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் தங்கும் மண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பாலை இறக்கி வைத்து, பொங்கின சூடு கொஞ்சம் அடங்கட்டும். டம்ளரில் டிகாஷன், அதன் மேல் பால், கடைசியாகக் கருப்பட்டித் தண்ணீர்.

என்னைக் கேட்டால் கருப்பட்டிக்குப் பாலே எதற்கு? தண்ணீர் கொதிக்கும்போது கருப்பட்டியை உடைத்துப் போட்டு, தட்டின சுக்கு கொஞ்சம், காபித் தூள் கொஞ்சம் சேர்த்து வடிகட்டிய வறக்காப்பியை, மார்கழியில் வாடை முகத்தில் அடிக்க நின்றுகொண்டு குடித்துப் பாருங்கள்.

கேள்வி: தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் இரவு நிறுத்தி, சூரியன் கடலில் இருந்து எழும்போது காபி குடிக்க ஆசை. (வாசகர், சென்னை)

எனக்கும்தான் ஆசை. இரவு தங்க விடமாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராமேஸ்வரத்தில் தங்கி, காலையில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று முதல்நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இருபது கிலோமீட்டர்தான். 2017-இல் சாலை வந்த பிறகு முனை வரை வண்டியே போகிறது. தார்ச்சாலையை விட்டு மணலில் மட்டும் இறக்காதீர்கள், கேரவன் கனத்துக்குச் சக்கரம் அச்சு வரை புதையும். போன முறை எங்களைத் தள்ளிவிட்ட எட்டு பேருக்கும் நான்தான் காபி போட்டேன்.

கேள்வி: பால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (வாசகி, ஈரோடு)

டெட்ரா பேக் பால் இரண்டு கைவசம் இருக்கும், பிரிக்காத வரை ஃபிரிட்ஜ் தேவையில்லை. மற்றபடி ஒரு சொம்பு போதும். கடலுக்குப் போகிறவர்களுக்காக மீன்பிடி ஊர்களில் டீக்கடை இருட்டிலேயே திறந்துவிடும். "பால் மட்டும் கொடுங்கண்ணே" என்றால் பொங்கின பாலைச் சொம்பில் ஊற்றித் தருவார். முதல் தடவை ஒரு மாதிரி பார்ப்பார், மறுநாள் அவரே கேட்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அப்போது துறைமுகப் பக்கம் அவ்வளவு சீக்கிரம் கடை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: தூள் இரண்டே நாளில் கட்டியாகிவிட்டது. (வாசகர், கரூர்)

சிக்கரியின் வேலை. கடல்காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே இடம் தருகிறது, பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்கும், பார்த்துக் குறைவாக உள்ளதை வாங்குங்கள். பெரிய டப்பாவைத் தினமும் திறக்காமல், ஒரு வேளைக்கு ஒன்று என்று சின்ன டப்பாக்களில் வீட்டிலேயே பிரித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: இன்ஸ்டன்ட் போதாதா? (வாசகர், ஓசூர்)

போதும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து கடலைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். உடனே காபி வேண்டும். விடுமுறையிலும் நான்தான் எழ வேண்டுமா? இரவே காபியைக் கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் என்ன? (வாசகி, தேவகோட்டை)

பால் கலந்து ஃபிளாஸ்கில் வைத்தால் விடிவதற்குள் கெட்டுவிடும், வெதுவெதுப்பான பாலில் கிருமி குடித்தனம் நடத்தும். படுக்கும்போது ஃபிளாஸ்கில் கொதிநீரை மட்டும் ஊற்றி வையுங்கள், பக்கத்திலேயே பால்பவுடர், சீனி, டம்ளர். பிறகு இந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஐயா, டிகாஷன் பாட்டில் உள்ளே மேல் தட்டில் இருக்கிறது. ஸ்பூன் அடுப்புக்குக் கீழ் இழுப்பறையில். கதவை மெதுவாகச் சாத்துங்கள், அம்மா தூங்குகிறார்.