குஷிமோட்டோவில் ஏன் இரண்டு பழைய கலங்கரை விளக்கங்கள்?

ஜப்பானில் ஒசாகாவுக்குத் தெற்கே, கீ தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் ஊர் குஷிமோட்டோ. ஷியோனோமிசாகி, காஷினோசாகி என்ற இரண்டு கலங்கரை விளக்கங்கள் அங்கே ஏன் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஷியோனோமிசாகி, ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவின் தென்கோடி முனை. யோகோஹாமாவிலிருந்து கோபே போகும் கப்பல்கள் இதைச் சுற்றித்தான் ஆக வேண்டும். குரோஷியோ நீரோட்டத்தின் வேகம், கரையோரப் பாறைகள், புயல் எல்லாம் அங்கே சேர்ந்துகொள்ளும். அதனால், 1866இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, நெதர்லாந்து ஆகியவற்றுடன் செய்த ஒப்பந்தப்படி ஜப்பான் கட்ட வேண்டியிருந்த எட்டு கலங்கரை விளக்கங்களில் இந்த இரண்டும் இடம்பிடித்தன.

கட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான ரிச்சர்ட் ஹென்றி பிரண்டன். அடிப்படையில் ரயில்வே பொறியாளர். கலங்கரை விளக்க வேலையை அவசரமாகக் கற்றுக்கொண்டு வந்தவர்! ஆனாலும் 1870இல் எரியத் தொடங்கிய அவரது காஷினோசாகி கற்கோபுரம் இன்றும் நிற்கிறது. ஷியோனோமிசாகியில் முதலில் இருந்தது மரக்கோபுரம். இப்போதைய கற்கோபுரம் 1878இல் வந்தது.

சரி, விளக்கு இருந்தால் கப்பல் தப்பிவிடுமா? 1890 செப்டம்பர் 16 இரவு, எர்துருல் என்ற உஸ்மானிய (அன்றைய துருக்கிப் பேரரசு) போர்க்கப்பல் புயலில் சிக்கி, காஷினோசாகிக்குக் கீழே பாறையில் மோதி உடைந்தது. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 69 பேர். சிலர் விளக்கொளியைப் பார்த்தே செங்குத்துப் பாறையில் ஏறி வந்தார்கள். காஷினோசாகி இருக்கும் ஓஷிமா தீவின் மக்கள் தங்களிடம் இருந்த கொஞ்ச உணவையும், வளர்த்த கோழிகளையும்கூட அவர்களுக்குக் கொடுத்தார்கள். துருக்கியர்கள் இதை இன்றும் மறக்கவில்லை. அங்கே நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும் உண்டு.

ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் என்றால், காஷினோசாகிக்கே போங்கள்.